வேண்டாம் எண்டு சொல்ல இடமில்லை

வெள்ளவத்தையிலோ கொட்டாஞ்சேனையிலோ இரண்டு அறைப் பிளாட் ஒன்றுக்குள் போனால் முதலில் கண்ணில் படுவது ஷோகேஸ்தான். உள்ளே பிளாஸ்ரிக் உறை கழட்டாத டின்னர் செட், பிரான்சிலிருந்து வந்த சின்ன ஈபிள் கோபுரம், சுவிஸ் மாட்டுமணி, மேப்பிள் இலை போட்ட கோப்பைகள். அலுமாரிக்கு மேலே இரண்டு கம்பளிப் போர்வை, வந்த பையோடையே. கட்டிலுக்குக் கீழே மூன்றாவது பிளெண்டர். சுவரில் ஒரு மணிக்கூடு ஓடும். கலியாணத்துக்கும் வீடுகுடிபூரலுக்கும் வந்த மிச்ச நாலும் எந்தப் பெட்டிக்குள் இருக்கு எண்டு அம்மாவுக்கு மட்டும் தெரியும். கொழும்பு வெக்கைக்குக் கம்பளி எதுக்கு எண்டு கேட்டுப் பாருங்கோ. "பெரியப்பா தந்தது, எப்பிடி எறியிறது?" எண்டுதான் பதில் வரும்.

வீடு ஒதுக்குவதைப் பற்றி எழுதி உலகம் முழுக்கப் பேர் வாங்கியவர் ஜப்பானின் மரி கொண்டோ. அவருடைய புத்தகம் 2011இல் வந்தது. ஒரு அன்பளிப்பின் வேலை பெறப்படுவதோடு முடிந்துவிடுகிறது, நன்றி சொல்லி அனுப்பிவிடுங்கள் என்பது அவர் கட்சி. கேட்க நல்லாத்தான் இருக்கு. எங்கட வீடுகளில் அன்பளிப்பின் வேலை வாங்கிய பிறகுதான் தொடங்குகிறது என்பது அவருக்குத் தெரிந்திருக்க நியாயமில்லை. பிரெஞ்சு மானுடவியலாளர் மார்சல் மோஸ் 1925இல் அன்பளிப்பைப் பற்றி நீண்ட கட்டுரை ஒன்றை எழுதினார். கொடுப்பது, பெறுவது, திருப்பிக் கொடுப்பது என்று மூன்று கடமைகளைச் சொன்னார். கொடுப்பதைப் பற்றியும் திருப்பிக் கொடுப்பதைப் பற்றியும் நாங்கள் நிறையக் கதைப்போம். நடுவில் இருக்கிற பெறும் கடமையைத்தான் ஆரும் கவனிப்பதில்லை. ஆரால் "வேண்டாம்" எண்டு சொல்ல முடிந்தது, ஆரால் முடியவில்லை? கட்டிலுக்குக் கீழே கிடக்கிற பிளெண்டருக்குப் பின்னால் இந்தக் கேள்விதான் கிடக்கிறது.

அம்மம்மாமாரைக் கேட்டால், முந்தி இந்தப் பிரச்சினையே இல்லை என்பார்கள். அதில் உண்மை இருக்கு. யாழ்ப்பாணத்தில் உறவுக்குள் போய்வந்த சாமான்களில் பெரும்பங்கு தின்று முடிக்கிறவை. புழுக்கொடியல், பினாட்டு, பனங்கட்டிக் குட்டான், மாம்பழம், நல்லெண்ணெய், பலகாரம். கடகத்தில் வரும், கடகம் திரும்பிப் போகும். வெறுங் கடகமாய் அனுப்பக் கூடாது என்று ஒரு பிடி அரிசியாவது நாலு தேசிக்காயாவது போட்டு அனுப்புவார்கள். ஒரு கிழமையில் அன்பளிப்பு வயிற்றுக்குள் போய்விடும், மிஞ்சுவது உறவு மட்டும். பித்தளைச் செம்பு, குத்துவிளக்கு மாதிரி அழியாத சாமான்களுக்கும் ஒரு பாதை இருந்தது. பேர் வெட்டி வீட்டறையில் வைப்பார்கள், பெண்பிள்ளைக்குக் கலியாணம் வர அது சீதனத்தோடு அடுத்த வீட்டுக்குப் போகும். வெட்டிய பேர் அழியாது, ஆனால் செம்பு ஒரு இடத்தில் நிற்காது. எங்கட மூத்தவர்கள் ஒருவர் தந்ததை இன்னொருவருக்குக் கொடுக்க மாட்டார்கள் என்பது பிழையான ஞாபகம். சீதனம் என்பதே பாதிக்குப் பாதி கைமாறிய சாமான்தான்.

அம்மம்மாவின் கதையில் ஒரு ஓட்டை இருக்கு. வீட்டறை, திண்ணை, முற்றம் என்று இருந்த நாற்சார் வீடு ஊரில் எத்தனை பேருக்கு இருந்தது? ஒல்லாந்தர் காலத்தில், 1707இல், தேசவழமையைத் தொகுத்தார்கள். அதில் அன்பளிப்புகளுக்கென்று ஒரு பகுதி உண்டு. அடிமைகளுக்கென்றும் ஒரு பகுதி உண்டு. இலங்கையில் அடிமைமுறை சட்டப்படி ஒழிந்தது 1844இல். அதற்குப் பிறகும் ஒடுக்கப்பட்ட சாதிகளின் வீடு என்றால் பெரும்பாலும் இன்னொருவரின் காணியில் போட்ட மண் கொட்டில்தான். அந்தக் கொட்டிலுக்கும் "அன்பளிப்பு" போனது: பழைய வேட்டி, கிழிசல் சீலை, கலியாண வீட்டில் மிஞ்சின சோறு. வாங்காமல் விட முடியாது. வாங்கும்போது எப்படிக் கையை நீட்ட வேண்டும் என்பதற்கும் முறை இருந்தது. சின்ன வீடு, தேவையில்லாத சாமான், மறுக்க முடியாத கொடை, இது மூன்றும் பிளாட் கட்டத் தொடங்கிய பிறகு வந்தவை அல்ல. பெரிய வீட்டுக்காரருக்கு அது பிந்தி விளங்கியது, அவ்வளவுதான்.

பெரிய வீட்டுக்கும் தூரதேசத்துச் சாமான் வரத் தொடங்கியது மலாயாவோடு. 19ஆம் நூற்றாண்டின் கடைசியிலிருந்து யாழ்ப்பாணத்தின் ஆங்கிலம் படித்த பெடியள் ரயில்வேக்கும் கந்தோர்களுக்கும் கிளாக்கர்மாராய்க் கப்பல் ஏறினார்கள். லீவில் வரும்போதும், பிறகு பென்சனோடு ஊர் திரும்பும்போதும், கூடவே ட்ரங்குப் பெட்டிகள் வந்தன. மலாயன் பென்சனியர் வீடு என்றால் ஊரில் தனி மரியாதை. அந்தப் பெட்டிகளில் வந்த பீங்கானும் மணிக்கூடும் பாவிக்க வந்தவை அல்ல, காட்ட வந்தவை. கண்ணாடி அலுமாரி எங்கட வீட்டுக்குள் எப்போது வந்தது என்று எனக்கு ஒரு திகதி சொல்லத் தெரியாது. அதன் மனநிலை அந்த ட்ரங்குப் பெட்டியிலிருந்து வந்தது என்றுதான் நினைக்கிறேன். 1942 பெப்ரவரியில் சிங்கப்பூர் ஜப்பானியரிடம் விழுந்தது. மூன்றரை வருசம் காசும் இல்லை, கடிதமும் இல்லை. ஆள் உயிரோடு இருக்கா என்று தெரியாத நாளில், அவர் தந்த பீங்கானை ஆர் கைமாற்றுவார்? தந்தவரைக் காணவில்லை என்றால் தந்த சாமான் அவருடைய இடத்தில் நிற்கத் தொடங்கும். எங்கட வரலாற்றில் இது பிறகு திரும்பத் திரும்ப நடந்தது.

1970இலிருந்து 77 வரை நாடு இறக்குமதிக்குக் கதவைப் பூட்டி வைத்திருந்தது. வடக்கில் மிளகாயும் வெங்காயமும் செய்தவர்களுக்கு அது நல்ல காலம். ஆனால் வெளிநாட்டுச் சவுக்காரம் ஒரு கட்டி, நைலெக்ஸ் சீலை ஒன்று வந்தால் ஊரே வந்து பார்க்கும். தேவையில்லாத அன்பளிப்பு என்ற சொல்லுக்கே அப்போது அர்த்தம் இருந்திருக்காது. 1977இல் கதவு திறந்தது. மத்திய கிழக்குக்கு ஆட்கள் போகத் தொடங்கினார்கள். 1985இல் வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகம் அமைக்கப்பட்டது. சவூதி, குவைத் பெட்டிகளில் பிளாஸ்க்கும் பூப்போட்ட போர்வையும் நிடோ பேணியும் வந்தன. கம்பளிக்கும் எங்கட வெக்கைக்கும் ஒத்துவராத சம்பந்தம் அங்கேயே தொடங்கிவிட்டது.

பிறகு 1983 ஜூலை. ஆட்கள் கனடா, லண்டன், ஜேர்மனி, பிரான்ஸ், சுவிஸ், நோர்வே என்று சிதறினார்கள். ஒரு குடும்பத்துக்குள்ளேயே கொடுக்கிறவர் ஒரு கண்டத்தில், வாங்குகிறவர் இன்னொரு கண்டத்தில். வாங்குகிறவர் என்ன நிலையில் இருக்கிறார் என்று கொடுக்கிறவருக்குத் தெரியாது. 1990இலிருந்து யாழ்ப்பாணத்தில் மின்சாரம் இல்லை. பெற்றோல், பற்றரி, சீமெந்து, உரம் எல்லாவற்றுக்கும் தடை. ஜாம் போத்தலுக்குள் திரி போட்டு விளக்கு எரித்தார்கள், சைக்கிள் டைனமோவைச் சுத்தி ரேடியோ கேட்டார்கள். இந்த நிலையில் கொழும்பில் இருக்கிற சொந்தக்காரர் வீட்டில் "யாழ்ப்பாணம் அனுப்ப" என்று மின்சார இஸ்திரிப் பெட்டி ஒன்று காத்துக் கிடந்தால் அதை என்ன செய்வது? கிளாலிக் கடலைத் தாண்டி வந்தவர்களுக்குப் பெறுமதியான அன்பளிப்பு பற்றரிதான். அதைக் கொண்டு வருவதுதான் குற்றம்.

1995 ஒக்ரோபர் 30ஆந் திகதி வலிகாமம் முழுக்க ஒரே இரவில் எழும்பி நாவற்குழிப் பாலத்தால் நடந்தது. மழை. சைக்கிளில் கட்ட முடிந்ததைக் கட்டினார்கள். காணி உறுதி, நகை, அடையாள அட்டை, பிள்ளையின் சேட்டிபிக்கற். எந்தச் சாமான் தேவை, எது தேவையில்லை என்ற கேள்விக்கு மரி கொண்டோவை விடக் கடுமையான பரீட்சை அது. அடுத்த வருசம் திரும்பி வந்தவர்களில் பலருக்கு வீட்டில் ஷோகேஸ் மட்டுமல்ல, கதவு நிலையும் இருக்கவில்லை. இந்த அனுபவம் ஆட்களை இரண்டு விதமாக மாற்றியது. சிலர் இனி எதையும் சேர்ப்பதில்லை என்று விட்டார்கள். மற்றவர்கள் தயிர்ச் சட்டியைக்கூட எறியாமல் சேர்க்கத் தொடங்கினார்கள். என்ர அனுபவத்தில் இரண்டாவது கட்சிதான் பெரிசு. "இருக்கட்டும், உதவும்" என்ற சொல்லை எங்கட அம்மாமார் சொல்லும்போது அதைக் கஞ்சத்தனம் என்று சிரிக்க முதல் இதைக் கொஞ்சம் யோசிக்கலாம்.

கொழும்புக்கு வந்தவர்கள் லொட்ஜ் அறைகளில் இருந்தார்கள். விசாவுக்கு, வைத்தியத்துக்கு, வேலைக்கு என்று மாதக் கணக்கில். ஒரு கட்டில், ஒரு மேசை, கதவுக்குப் பின்னால் ஆணி. பொலிஸ் பதிவுத் துண்டு எப்போதும் கையில். 2007 ஜூன் 7ஆந் திகதி விடியற்காலையில் லொட்ஜுகளில் இருந்த 376 தமிழர்களை பஸ்களில் ஏற்றி நகரத்தை விட்டு அனுப்பினார்கள். மறுநாள் உயர் நீதிமன்றம் அதைத் தடுத்தது. சாமான் கட்டக் கிடைத்தது கொஞ்ச நேரம்தான். அப்படி ஒரு அறையில் இருக்கிற ஆளுக்கு வெளிநாட்டிலிருந்து வந்தவர் ஆசையாய் ஒரு டின்னர் செட் கொடுத்தால் அவர் சிரித்து வாங்குவார். வேறு வழியில்லை. அந்தக் கொடுக்கிறவர்தான் லொட்ஜ் வாடகையையும் அனுப்புகிறார்.

இதுதான் விசயத்தின் முள். மாதாமாதம் காசு அனுப்புகிற ஆளிடம் "இது வேண்டாம்" எண்டு சொல்ல முடியாது. கம்பளிப் போர்வையை மறுத்தால் கூட வருகிற காசையும் மறுத்த மாதிரி. அதனால் ஷோகேஸ் சாட்சிக் கூண்டாகிறது. 2002 ஏப்ரலில் ஏ9 திறந்த பிறகு கோடை விடுமுறைக்குக் கூட்டம் கூட்டமாய் வந்தார்கள். வந்தவர்கள் முதலில் பார்த்தது தாங்கள் போன முறை தந்த சாமான் எங்கே என்றுதான். இப்போது அதற்கு விமானமும் தேவையில்லை, வீடியோ கோல் போதும். "பின்னுக்குத் தெரியுது, அது நான் தந்த மணிக்கூடே?"

கொடுக்கிறவரை வில்லனாக்கவும் எனக்கு மனமில்லை. ஸ்காபரோவில் இன்னொருவர் வீட்டின் நிலக்கீழ் தளத்தில் வாடகைக்கு இருந்துகொண்டு, இரண்டு வேலை செய்து, மலிவு விற்பனை வரும்போதெல்லாம் ஒவ்வொன்றாய் வாங்கி, ஒரு வருசம் சேர்த்து, குளியலறைத் தராசில் சூட்கேஸை நிறுத்துப் பார்த்து, 23 கிலோவுக்குள் எல்லோருக்கும் பங்கு பிரித்துக் கொண்டு வருகிறார். அவருடைய வீடும் சின்னதுதான். அங்கே இடம் பிடித்துக் கிடந்ததை இங்கே இடமில்லாத வீட்டுக்குக் கொண்டு வருகிறார். ஒருத்தரையும் விடவில்லை என்பதுதான் அந்த சூட்கேஸின் செய்தி. உள்ளே என்ன இருக்கு என்பது இரண்டாம் பட்சம்.

மலையகத்தில் கதை வேறு. லயத்துக் காம்பரா என்றால் சுமார் 10 அடிக்கு 12 அடி. அதற்குள் இரண்டு, சில வீடுகளில் மூன்று தலைமுறை. லயம் தோட்டத்துக்குச் சொந்தம், ஒரு ஓலைப் பத்தி இறக்குவதற்கும் துரையிடம் கேட்க வேண்டும். இங்கே தேவையில்லாத அன்பளிப்பு கப்பலில் வரவில்லை, கொழும்பிலிருந்து பஸ்ஸில் வந்தது. வீட்டு வேலைக்குப் போன பிள்ளைகள் தீபாவளிக்கு வரும்போது நோனா கொடுத்து விட்ட பழைய ரீவி, உடைந்த சோபா, அளவில்லாத சட்டைகள். அதில் பாதி நோனாவுக்கு அவருடைய சொந்தக்காரர் கொடுத்துப் பிடிக்காமல் போன சாமானாகவும் இருக்கும். தேவையில்லாத அன்பளிப்பு தண்ணி மாதிரி, பள்ளத்தைத் தேடி ஓடும். சம்பளத்தைக் கூட்டாமல் சோபாவைக் கொடுத்துவிட்டு நன்றியை எதிர்பார்ப்பதற்கும், யாழ்ப்பாணத்துக் கொட்டிலுக்குப் போன பழைய வேட்டிக்கும் எனக்கு வித்தியாசம் தெரியவில்லை. பிறகு 7 பேர்ச் காணியில் தனிவீடுகள் வந்தன, இந்திய உதவியில் கட்டியவை, 550 சதுர அடி. அந்த வீடு கிடைத்த குடும்பங்களின் வீடுகுடிபூரலுக்குப் போனவர்களுக்குத் தெரியும், அங்கேயும் முதல் நாளே நாலு மணிக்கூடு வந்து சேர்ந்துவிடும். ஆனால் அங்கே அதை மாட்டுவதற்கு ஆரிடமும் கேட்கத் தேவையில்லை.

சரி, வந்ததை என்ன செய்வது? எல்லோரும் செய்வதைத்தான்: கைமாற்றுவது. எங்கட ஊரில் அது களவு மாதிரி நடக்கிறது. உறையைக் கவனமாய்க் கழட்டி, உள்ளே பேர் எழுதின துண்டு இருக்கா என்று பார்த்து, தந்தவரின் பக்கத்து ஆட்களுக்குப் போகாமல் மற்றப் பக்கத்துக் கலியாணத்துக்கு அனுப்புவது. சில குத்துவிளக்குகள் ஊரைச் சுத்தி வந்து தந்தவர் வீட்டுக்கே போய்ச் சேர்ந்த கதை ஒவ்வொரு குடும்பத்திலும் ஒன்று இருக்கும்.

இதை வெளிச்சத்தில் செய்த சமூகமும் இருந்திருக்கிறது. 1635இலிருந்து ஜப்பானின் பிரபுக்கள் முறைவைத்துத் தலைநகர் எடோவில் வந்து தங்க வேண்டும் என்று சட்டம். வந்தால் ஷோகனுக்கும் அதிகாரிகளுக்கும் அன்பளிப்பு வைக்க வேண்டும். பதப்படுத்திய சிப்பிச் சதை, காய்ந்த மீன், கடற்பாசி என்று ஒரே மாதிரியான சாமான் மலை மலையாய்க் குவிந்தது. எவ்வளவைத்தான் தின்பது? அதற்கென்றே ஒரு வியாபாரம் வந்தது, பேர் கென்சான்யா. அன்பளிப்பில் மிஞ்சியதை வாங்கி, அன்பளிப்பு தேவைப்படுகிற அடுத்த ஆளுக்கு விற்கிற கடை. 1837இல் எழுதத் தொடங்கிய தன் பெரிய குறிப்பேட்டில் கிதகாவா மொரிசதா என்பவர் இந்தக் கடைகளைப் பதிந்து வைத்திருக்கிறார். ஒருவருக்கும் அது அவமானமில்லை. சாமான் சுத்தும், மரியாதை போய்ச் சேரும். போருக்குப் பிறகு அதே நாட்டில் சின்னச் சின்ன அடுக்குமாடி வீடுகள் பெருகின. அங்கே இன்றும் வருசக் கடைசி அன்பளிப்பு என்றால் சமையல் எண்ணெய், சவர்க்காரம், பியர் மாதிரித் தீர்ந்து போகிறவைதான் அதிகம். எங்கட கடகத்துப் பினாட்டும் இதே புத்திதான். நாங்கள் அதை விட்டுவிட்டு டின்னர் செட்டுக்கு மாறினோம்.

எங்கட தலைமுறை இதில் ஒரு இக்கட்டான இடத்தில் நிற்கிறது. அம்மா அப்பாவுக்குப் பிறகு அந்த ஷோகேஸைத் திறக்கப் போகிறவர்கள் நாங்கள்தான். பிளாட்டின் விலை ஏறுகிற வேகத்தில் எங்கட வீடு அவர்களுடையதை விடச் சின்னதாய்த்தான் இருக்கும். நான் பார்த்தவரை, ஒரு அடுக்கைக் காலியாக்க முதல் அதில் உள்ள ஒவ்வொன்றும் ஆர் தந்தது, எந்த வருசம், அப்போது அவர் எங்கே இருந்தார் என்று பெரியவர்களைக் கேட்டு எழுதி வைப்பது பலன் தருகிற வேலை. கதை கொப்பிக்குள் வந்துவிட்டால் அம்மாவின் பிடி கொஞ்சம் தளரும். மணிக்கூடு பள்ளிக்கூடத்துக்குப் போகலாம், போர்வை நுவரெலியாவுக்குப் போகலாம். அங்கே அதற்கு உண்மையிலேயே தேவை இருக்கு, ஆனால் கேட்டுவிட்டு அனுப்புங்கோ. 2004 சுனாமிக்குப் பிறகு கிழக்குக் கரையின் முகாம்களுக்கு உலகம் முழுக்க இருந்து வந்து குவிந்த உடுப்பு மூட்டைகளில் குளிர்நாட்டு மேலங்கிகளும் இருந்தன. கேட்காமல் கொடுப்பது வெளிநாட்டுக்காரருக்கு மட்டும் உரிய பழக்கமில்லை.

கேட்டுவிட்டுக் கொடுத்த ஒரு காலமும் இருக்கு, சரியாய் ஞாபகம் இருக்கு. 2022. மார்ச் மாதக் கடைசியில் 13 மணித்தியாலம் மின்வெட்டு. காஸ் வரிசை, பெற்றோல் வரிசை, பால்மா இல்லை, மருந்து இல்லை. ஓகஸ்ட் மாதம் அரசாங்கம் 300 வகைச் சாமான்களின் இறக்குமதியை நிறுத்தியது. சொக்லேற், வாசனைத் தைலம், ஷாம்பு எல்லாம் அதில் அடக்கம். அதாவது மாமிமார் சூட்கேஸில் வருசக்கணக்காய் வந்துகொண்டிருந்த அதே சாமான்கள். ஆனால் எங்கட குடும்ப வாட்ஸ்அப்பில் அந்த வருசம் ஒருத்தரும் சொக்லேற் கேட்கவில்லை. "என்ன வேணும், சொல்லுங்கோ" எண்டு அங்கிருந்து கேட்டார்கள், இங்கிருந்து வெட்கப்படாமல் பட்டியல் போனது: பால்மா, பிரெஷர் குளிசை, ஆஸ்துமா பம்ப், சார்ஜ் பண்ணுற லைற். வந்த பெட்டி ஒரு மாதத்துக்குள் வெறும் பெட்டியானது. அலுமாரிக்கு மேலே ஒன்றும் ஏறவில்லை. அடுத்த வருசம் வரிசைகள் குறைந்தன, கடைகளில் பால்மா வந்தது. அதற்குப் பிறகு வந்த சூட்கேஸ்களை ஆரும் கேட்டுவிட்டு அடுக்கியதாய்த் தெரியவில்லை.